ஓர் எழுத்து பிசகினால் வேறொருவருடைய தளம்

பாசிக்குடாவை ஆங்கிலத்தில் எழுதும்போது எஸ் ஒன்றா, இரண்டா? ஹோட்டல் பலகைகளில் இரண்டு விதமும் இருக்கிறது. கடைசியில் எச் போடுகிறவர்களும் உண்டு, போடாதவர்களும் உண்டு. காத்தான்குடி ஒரு பலகையில் ஒய்யில் முடியும், அடுத்த பலகையில் ஐயில் முடியும். அறுகம்பையைச் சிலர் ஒரே சொல்லாக எழுதுகிறார்கள், சிலர் இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஊர்ப்பெயரை விடுங்கள், பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் இன்னொரு மாதிரியும் பெயர் எழுதப்பட்டவர்கள் நம் வீடுகளிலேயே இருப்பார்கள். இதனால் யாரும் பெரிதாகக் குழம்புவதில்லை. பலகையில் எப்படி எழுதியிருந்தாலும் பஸ் காத்தான்குடிக்குத்தான் போகும்.

இந்தப் பழக்கம்தான் இணையத்தில் நம் காலை வாரிவிடுகிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் ‘சரி, அதுதான் இது’ என்று கடந்துபோகப் பழகிய கண் நமக்கு. கணினிக்கு அந்தத் தாராளம் கிடையாது. ஓர் எழுத்து மாறினால் அதற்கு அது முற்றிலும் வேறு முகவரி. அந்த வேறு முகவரியை யாரோ ஒருவர் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால், நீங்கள் போய் நிற்பது அவருடைய தளத்தில். இப்படித் தெரிந்தே பிழையாக எழுதி வாங்கி வைக்கும் வேலைக்கு ஆங்கிலத்தில் டைப்போஸ்குவாட்டிங் என்று பெயர். அந்த முகவரிகளை நான் இங்கே பிழைமுகவரி என்றே எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒரு சின்ன விஷயம். முகவரிகளை எல்லாம் தமிழ் எழுத்தில், வாயால் சொல்லுகிற மாதிரியே எழுதியிருக்கிறேன். டொட் என்று வரும் இடத்தில் புள்ளி இருப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்காகப் பிழைமுகவரி ஒன்றை ஆங்கிலத்தில் எழுதினால், யாராவது இதை வாட்ஸ்அப்பில் பகிரும்போது அது அழுத்தக்கூடிய லிங்காக மாறிவிடும். பிறகு எச்சரிக்கையை வாசித்தவரே அதில் விரல் வைப்பார்.

பெயரை யாரும் வாங்கலாம்

இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் உண்மையில் இருப்பது ஓர் எண். எண்களை மனிதர்களால் நினைவில் வைத்திருக்க முடியாது என்பதால் அதற்கு மேல் ஒரு பெயரைக் கொடுத்தார்கள். அந்தப் பெயர்தான் டொமைன். பெயரின் கடைசித் துண்டை நான் முடிவு என்று எழுதுகிறேன். டொட் கொம் என்ற முடிவு 1985 இல் தொடங்கியது. இன்று அந்த ஒரு முடிவில் மட்டும் 15 கோடிக்கும் அதிகமான பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. நம்முடைய டொட் எல்கே 1990 இல் வந்தது. 2010 இல் டொட் இலங்கை என்று தமிழிலேயே எழுதக்கூடிய முடிவும் கிடைத்தது, அதைப் பாவிப்பவர்கள் குறைவு என்றாலும்.

டொட் கொம் போன்ற முடிவுகளில் முதலில் வந்தவருக்கே பெயர். வருடத்துக்குப் பத்துப் பதினைந்து டொலர் கட்டினால் போதும். வாங்க வந்தவர் யார், இந்தப் பெயர் அவருக்கு எதற்கு, கிட்டத்தட்ட இதே பெயரில் ஒரு வங்கி இருக்கிறதே என்றெல்லாம் விற்பவர் கேட்பதில்லை. அப்படியே எழுத்துக்கு எழுத்து அதே பெயர் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் இயந்திரம் பார்க்கும். இல்லையென்றால் விற்றுவிடும். உண்மையான நிறுவனம் பிறகு முறைப்பாடு செய்து அந்தப் பெயரைப் பறிக்கலாம். அதற்கு ஐகான் என்ற சர்வதேச அமைப்பு 1999 இல் ஒரு நடைமுறையும் கொண்டுவந்தது. ஆனால் அது வாரக்கணக்கில் இழுக்கும் வேலை. ஏமாற்ற வந்தவனுக்கு இரண்டு நாள் போதும். மூன்றாம் நாள் அவனே அந்தப் பெயரைக் கைவிட்டு அடுத்ததை வாங்கியிருப்பான்.

எல்லா முடிவுகளும் இப்படித் திறந்து கிடப்பதில்லை என்பது நமக்கு ஓர் ஆறுதல். டொட் கவ் டொட் எல்கே என்று முடியும் பெயர் அரச நிறுவனங்களுக்கு மட்டுமே. டொட் ஏசி டொட் எல்கே உயர்கல்வி நிறுவனங்களுக்கு. வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகம் ஈஎஸ்என் டொட் ஏசி டொட் எல்கே, ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எஸ்ஈயு டொட் ஏசி டொட் எல்கே. வெறும் டொட் எல்கே மட்டும் இருந்தால் அது அரசாங்கம் என்று அர்த்தமில்லை. பலசரக்குக் கடைக்காரரும் அதை வாங்கலாம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

விரல் தவறுவதற்காகக் காத்திருந்தவர்கள்

ஆரம்ப காலத்தில் இந்த வியாபாரம் முழுக்க நம் விரல் தவறுவதை நம்பியே நடந்தது. ஓர் எழுத்தை விட்டுவிடுவோம், ஒன்றை இரண்டு தடவை அடிப்போம், இரண்டை இடம் மாற்றிப் போடுவோம், பக்கத்து விசையில் விரல் படும். 2005 இல் கூகுளின் பெயருக்குள் ஒரு கே நுழைந்த முகவரி ஒன்று பெரிய செய்தியானது. விசைப்பலகையில் கேயும் எல்லும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். அந்த முகவரிக்குத் தவறிப் போன கணினிகளில் தீங்கான மென்பொருள்கள் வரிசையாக இறங்கின. அதே ஆண்டு கூகுள் நடுவர் மன்றத்துக்குப் போய், அதையும் அதே ஆளிடம் இருந்த வேறு மூன்று முகவரிகளையும் மீட்டது. அவற்றில் ஒன்றில் முதல் ஜிக்குப் பிறகு எச், இன்னொன்றில் எஃப். இரண்டுமே ஜியின் இரு பக்கத்து விசைகள். எவ்வளவு யோசித்து வாங்கியிருக்கிறார் பாருங்கள்.

இதில் மிகவும் பெயர்போனவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஜோன் சுக்கரினி. ஆயிரக்கணக்கான பிழைமுகவரிகளை வைத்திருந்தார். டிஸ்னிலாண்ட் போல, பிள்ளைகள் தேடக்கூடிய பெயர்களையும் பிழையாக எழுதி வாங்கி, வருகிறவர்களை ஆபாசத் தளங்களுக்குத் திருப்பிவிட்டார். ஒவ்வொரு திருப்பலுக்கும் அவருக்குக் காசு. 2003 இல் கைதாகி, 2004 இல் இரண்டரை ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார்.

பெயர் சரியாக இருந்து முடிவு மட்டும் பிசகினாலும் இதே கதைதான். டொட் கொம் அடிக்கும்போது ஓ விடுபட்டால் டொட் சீஎம். அது ஆபிரிக்காவில் உள்ள கமரூன் நாட்டின் முடிவு. 2006 இல், பதியப்படாத எந்தப் பெயரை டொட் சீஎம் சேர்த்து அடித்தாலும் விளம்பரப் பக்கம் ஒன்றுக்குப் போகும்படி செய்திருந்தார்கள். மின்னஞ்சலில் இது இன்னும் மோசம். அமெரிக்க இராணுவத்தின் முகவரி எம்ஐஎல் என்று முடியும். நடுவில் உள்ள ஐயை விட்டுவிட்டால் எம்எல், அது மாலி நாட்டின் முடிவு. இராணுவத்துக்குப் போகவேண்டிய மின்னஞ்சல்கள் ஆண்டுக்கணக்காக மாலிப் பக்கம் போய்க்கொண்டிருந்ததும், அந்த முடிவை நிர்வகித்த டச்சுக்காரர் 2023 இன் முதல் ஏழு மாதங்களுக்குள்ளேயே சுமார் 1,17,000 மின்னஞ்சல்களைச் சேர்த்து வைத்திருந்ததும் அந்த ஆண்டு ஜூலையில் வெளியே வந்தது. உலகத்தின் பெரிய இராணுவத்துக்கே ஐ தவறுகிறது என்றால், சாதாரண தரப் பெறுபேறு பார்க்கும் அவசரத்தில் நமக்குத் தவறாதா?

அந்தப் பெறுபேற்று நாளையே எடுத்துக்கொள்வோம். பரீட்சைத் திணைக்களத்தின் தளம் டோநெட்ஸ் டொட் எல்கே. ஆங்கிலத்தில் அதை எழுத்துக்கூட்டச் சொன்னால் பத்துப் பேரில் எத்தனை பேர் சரியாகச் சொல்வார்கள்? டி, ஓ, ஈ, என், ஈ, ரி, எஸ். முதல் ஈ காதில் விழுவதே இல்லை. பெறுபேறு வெளியான செய்தி வந்த கணத்தில் கல்முனை தொடங்கி வாழைச்சேனை வரை எல்லாப் போனிலும் ஒரே நேரத்தில் அடிபடுகிற முகவரி இது. இதற்குப் பிழைமுகவரி இருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அவசரம், பதற்றம், எழுத்துக்கூட்ட முடியாத பெயர், ஒரே நேரத்தில் பெருங்கூட்டம் என்று நான்கும் சேர்கிற இடத்தைத்தான் இந்தத் தொழில் செய்பவர்கள் தேடுவார்கள். அங்கே சுட்டெண்ணோடு அடையாள அட்டை எண்ணையும் போன் நம்பரையும் கேட்டால் எந்தப் பிள்ளை கொடுக்காமல் இருக்கும்?

வலமிருந்து வாசியுங்கள்

இப்போதெல்லாம் முகவரியைத் தட்டச்சு செய்பவர்கள் குறைவு. லிங்க் வருகிறது, அழுத்துகிறோம். ஆகவே ஏமாற்றுபவர்களும் விரல் தவறும்வரை காத்திருப்பதில்லை. சரியான பெயரை ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதி, அதோடு வேறொரு சொல்லை ஒட்டிவிடுகிறார்கள். லொகின், செக்கியூர், ஒன்லைன், சப்போர்ட் என்று ஏதாவது ஒன்று. 2017 இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தபோது, எழுத்துப்பிழை முகவரிகளைவிட இப்படிச் சொல் ஒட்டிய முகவரிகள் நூறு மடங்கு அதிகம் என்று கண்டார்கள். ‘எழுத்துப்பிழை இருக்கிறதா பாருங்கள்’ என்ற வழக்கமான அறிவுரை ஏன் பாதிக்கிணறுகூடத் தாண்டாது என்பது இதிலிருந்து தெரியும். பிழையே இல்லாத பிழைமுகவரிகள்தான் அதிகம்.

அதனால் எழுத்துக்கூட்டலைவிட அமைப்பைப் பார்க்கப் பழக வேண்டும். முகவரியை இடமிருந்து வாசிக்காமல் வலமிருந்து வாசிக்க வேண்டும். கடித உறையில் முகவரி எழுதுவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் பெயர், பிறகு வீதி, பிறகு ஊர், கடைசி வரியில் நாடு. கத்தாரிலிருந்து வரும் கடிதத்தை அங்குள்ள தபால்காரர் கடைசி வரியை வைத்துத்தான் இலங்கைப் பையில் போடுவார். முதல் வரியில் யார் பெயர் இருக்கிறது என்பது அந்த இடத்தில் ஒன்றுக்கும் உதவாது. இணையமும் அப்படித்தான் வலப்பக்க முனையிலிருந்து தேடிக்கொண்டு வருகிறது.

பெறுபேறு பார்க்கும் மற்ற முகவரியைப் பிரித்துப் பார்ப்போம்: ரிசல்ட்ஸ் டொட் எக்ஸாம்ஸ் டொட் கவ் டொட் எல்கே. வலது முனையில் எல்கே, அதாவது இலங்கை. அதற்கு இடப்பக்கம் கவ், அரச நிறுவனங்களுக்கான பகுதி. அதற்கும் இடப்பக்கம் எக்ஸாம்ஸ், இதுதான் சொந்தக்காரர் பெயர். இன்னும் இடப்பக்கம் உள்ள ரிசல்ட்ஸ், அந்தச் சொந்தக்காரர் தன் வசதிக்குப் போட்டுக்கொண்ட உட்பிரிவு. உட்பிரிவுக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் சொந்தக்காரரைக் கேட்பாரில்லை. வித்தை எல்லாம் இந்த இடத்தில்தான் நடக்கிறது.

இதே முகவரியை முழுதாக எழுதி, அதன் வாலில் இன்னும் இரண்டு துண்டைச் சேர்க்கிறேன்: ரிசல்ட்ஸ் டொட் எக்ஸாம்ஸ் டொட் கவ் டொட் எல்கே டொட் இன்னபெயர் டொட் டொப். இடமிருந்து வாசித்தால் எல்கே வரை ஓர் எழுத்துகூடப் பிழையில்லை. வலமிருந்து வாசித்தால் முடிவு டொப், சொந்தக்காரர் ‘இன்னபெயர்’. மற்றதெல்லாம் அவர் தன் உட்பிரிவுகளுக்கு வைத்த அலங்காரம். போனின் ஒடுங்கிய திரையில், அதுவும் பேஸ்புக் போன்ற செயலிக்குள்ளேயே பக்கம் திறக்கும்போது, நீண்ட முகவரி முழுதாகத் தெரியும் என்று சொல்ல முடியாது. இடப்பக்கம் தெரிந்து வலப்பக்கம் மறைந்தால் அவன் நினைத்தது நடந்துவிட்டது.

புதிதாகப் பழகுகிறவர்கள் தடுக்கி விழுகிற இடங்கள் மூன்று. முதலாவது, வலது முனை என்பது முகவரியின் கடைசி எழுத்து அல்ல. எச்ரிரிபிஎஸ்ஸுக்குப் பிறகு வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டில் நிறுத்துங்கள். பெயர் அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் வங்கியின் பெயர் இருந்தாலும் ஜனாதிபதி செயலகத்தின் பெயர் இருந்தாலும் பொருட்படுத்த வேண்டாம். இரண்டாவது, புள்ளி வேறு, சின்னக் கோடு வேறு. புள்ளி துண்டுகளைப் பிரிக்கும். கோடு எதையும் பிரிக்காது, அதுவும் பெயருக்குள் ஓர் எழுத்து மாதிரித்தான். ‘எக்ஸாம்ஸ் கோடு கவ் கோடு எல்கே டொட் கொம்’ என்று ஒன்று வந்தால் அதில் அரசாங்கமும் இல்லை, இலங்கையும் இல்லை. அவ்வளவும் சேர்ந்து யாரோ வாங்கிய ஒரே நீளப் பெயர். மூன்றாவது, சொந்தக்காரரின் பெயர் வலமிருந்து எத்தனையாவது துண்டு என்பது. கொம், எல்கே என்று ஒரு துண்டில் முடிந்தால் இரண்டாவது. கவ் டொட் எல்கே, ஏசி டொட் எல்கே என்று இரு துண்டில் முடிந்தால் மூன்றாவது.

ஒரு பொதிக்கான குறுஞ்செய்தி

கல்முனையில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கும் நண்பரிடம் மருதமுனை ராத்தா ஒருவர் போனை நீட்டினார். திரையில் தபால் திணைக்களத்தின் பெயரில், ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி. உங்கள் பொதி களஞ்சியத்தில் இருக்கிறது, முகவரி முழுமையாக இல்லை, 24 மணித்தியாலத்துக்குள் விபரத்தைச் சரிசெய்து சிறு கட்டணம் செலுத்தவும். கீழே லிங்க்.

“தம்பி, கட்டார்லருந்து இவர் அனுப்பின பெட்டி போல. கார்ட் நம்பர் கேக்குது, அடிச்சி விடுங்களன்.”

நண்பர் லிங்கைப் பார்க்கவே இல்லை. “பெட்டிய அவங்க போஸ்ட்லயா போட்டாங்க ராத்தா, கார்கோலயா?” என்றார்.

“கார்கோலதான்.”

“அப்ப போஸ்ட் கந்தோர் எதுக்குக் காசு கேக்குது?”

எழுத்துக்கூட்டலும் வேண்டாம், வலமிருந்து வாசிக்கவும் வேண்டாம், அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் லிங்கைப் பார்த்தோம். தபால் திணைக்களத்தின் உண்மையான தளம் எஸ்எல்போஸ்ட் டொட் கவ் டொட் எல்கே. வந்திருந்ததில் எஸ்எல்போஸ்ட் அப்படியே இருந்தது. அதற்கடுத்து இருந்தது புள்ளி அல்ல, கோடு. பிறகு பொருளில்லாத எழுத்துகள் சில, முடிவில் டொட் டொப். இதே மாதிரிச் செய்திகள் நாடு முழுக்கப் போனதால் தபால் திணைக்களமே பகிரங்கமாக எச்சரிக்கை விட்டது.

இந்தக் கரையோரத்தில் இந்தச் செய்தி ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று கேட்டால், கட்டாரிலோ சவூதியிலோ குவைத்திலோ ஓர் ஆள் இல்லாத குடும்பம் குறைவு, பெட்டியை எதிர்பார்க்காத மாதமும் குறைவு. அனுப்புகிறவனுக்கு அது தெரியாது. அவன் ஒரே செய்தியைக் கண்ணை மூடிக்கொண்டு ஆயிரக்கணக்கானோருக்கு அனுப்புகிறான். பெட்டிக்காகக் காத்திருப்பவருக்கு அது தனக்கென்றே வந்த மாதிரி இருக்கும்.

லிங்கை அழுத்தியிருந்தால் தபால் திணைக்களத்தின் சின்னம், நிறம் எல்லாம் அச்சொட்டாக இருக்கும் பக்கம் வந்திருக்கும். பக்கத்தைப் பிரதி எடுப்பது சில நிமிட வேலை என்பதால் அழகான பக்கம் எதற்கும் சாட்சி ஆகாது. பெயர், விலாசம், போன் நம்பர் கேட்பார்கள். பிறகு கார்ட் எண். அதன் பிறகு ‘சற்றுப் பொறுங்கள்’ என்று ஒரு வட்டம் சுற்றும். அந்த வட்டம் சுற்றும்போது மறுபக்கத்தில் அவன் உங்கள் கார்ட் எண்ணை வேறொரு கடையின் தளத்தில் போட்டு, பெரிய தொகைக்கு எதையோ வாங்கிக்கொண்டிருக்கிறான். வங்கி உங்களுக்கு ஓடிபி அனுப்பும். அந்தப் பக்கம் ஓடிபியைக் கேட்கும். நீங்கள் கொடுப்பீர்கள். இங்கே ஒரு கடைசி வாய்ப்பு இருக்கிறது: பெரும்பாலும் ஓடிபி வரும் செய்தியிலேயே எந்தக் கடை, எவ்வளவு தொகை என்று எழுதியிருக்கும். நாம் அதைத் தாண்டி ஆறு எண்களை மட்டும் தேடுகிறோம். கட்டப்போவது நூறு ரூபாய், செய்தியில் இருப்பது டொலரிலா என்று ஒரு முறை வாசித்தால் அங்கேயே நின்றுவிடலாம்.

கண்ணுக்கே தெரியாதவை

சில பிழைமுகவரிகளில் உற்றுப் பார்த்தாலும் பயனில்லை. ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ஆரையும் என்னையும் ஒட்டி எழுதினால் எம் போலத் தெரியும். சிறிய எல், பெரிய ஐ, எண் ஒன்று மூன்றும் ஒரே குச்சி. ஓவும் பூச்சியமும் இரட்டைப் பிள்ளைகள். இவையாவது ஆங்கிலத்துக்குள் நடப்பவை. ரஷ்ய மொழியின் ஏ, ஓ, ஈ போன்ற எழுத்துகள் ஆங்கில எழுத்துகளோடு தோற்றத்தில் ஒன்றேதான், கணினிக்குள் மட்டும் வேறு எண். 2001 இலேயே இரண்டு ஆய்வாளர்கள் மைக்ரோசொஃப்ட் பெயரில் ரஷ்ய எழுத்துகளைக் கலந்து பதிந்து காட்டினார்கள். 2017 இல் அப்பிள் நிறுவனத்தின் பெயர் முழுவதையும் ரஷ்ய எழுத்துகளாலேயே எழுதி ஒருவர் பதிந்துகாட்டிய பிறகுதான் குரோம் உலாவி அந்த ஓட்டையை அடைத்தது.

தமிழிலும் இதற்கு இடமுண்டு. துணைக்காலும் ‘ர’வும் பல எழுத்துருக்களில் ஒன்று போலவே இருக்கும். ‘ஔ’வை ஓரெழுத்தாகவும் எழுதலாம், ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துப் போட்டும் எழுதலாம். இன்னும் வேடிக்கை தமிழ் எண்கள். பழைய தமிழ் எண் ஒன்று ‘௧’, அச்சில் அது ‘க’வேதான். இரண்டு ‘௨’, அது ‘உ’. எட்டு ‘௮’, அது ‘அ’. மனிதக் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. தமிழில் முகவரி விற்கும் பதிவகங்கள் எந்த எழுத்தை ஏற்பது, எதை விடுவது என்று பட்டியல் போட்டுக்கொண்டு விற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அறுகம்பையில் அறை வாடகைக்கு விடுபவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று 2025 இல் வெளிவந்தது. புக்கிங் டொட் கொம் அனுப்பியது போன்ற ஒரு மின்னஞ்சல். அதிலிருந்த முகவரி அக்கவுண்ட் டொட் புக்கிங் டொட் கொம் என்றே தொடங்கியது, பிறகு ஒரு சாய்கோடு போலத் தெரிந்தது. அது சாய்கோடு அல்ல, ‘ன்’ என்று ஒலிக்கும் ஜப்பானிய எழுத்து. சில எழுத்துருக்களில் அது அப்படித் தெரியும். சாய்கோடு என்று நினைத்து அங்கே வாசிப்பை நிறுத்தினால் ஏமாந்தோம். உண்மையில் பெயர் இன்னும் நீண்டு, டபிள்யூடபிள்யூடபிள்யூ கோடு அக்கவுண்ட் கோடு புக்கிங் டொட் கொம் என்று வேறொருவருடைய பெயரில் முடிந்தது. விருந்தினர் முறைப்பாடு செய்திருக்கிறார், உடனே பதில் சொல்லுங்கள் என்று வந்தால், சீசன் நேரத்தில் எந்த விடுதிக்காரர் சாய்கோட்டை உற்றுப் பார்ப்பார்?

பூட்டுச் சின்னத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ‘பூட்டு இருந்தால் பாதுகாப்பு’ என்று இன்னும் வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பூட்டு சொல்வது, உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டுமே. அந்தத் தளம் யாருடையது என்பது வேறு விஷயம். அதற்கான சான்றிதழ் பல வருடங்களாக இலவசமாகவே கிடைப்பதால் ஏமாற்றுத் தளங்களிலும் பூட்டு இருக்கும். குரோம் உலாவி 2023 இல் அந்தச் சின்னத்தையே தூக்கிவிட்டது.

கண்ணை நம்பாமல் செய்யக்கூடியவை

இவ்வளவையும் சொல்லிவிட்டு ‘கவனமாகப் பாருங்கள்’ என்று முடித்தால் அது நியாயமில்லை. கவனம் வேலை நாளில் பின்னேரமாகும்போது களைத்துவிடும். வந்த லிங்கால் போகாமல் நாமே போகும் வழியை வைத்துக்கொள்வதுதான் என் கணிப்பில் நல்லது. வங்கிக்கு வங்கியின் செயலி. பரீட்சைத் திணைக்களம், தபால், பல்கலைக்கழகம் போன்றவற்றை ஒருமுறை சரிபார்த்து உலாவியில் புக்மார்க் செய்து வைத்துக்கொண்டால் பிறகு எழுத்துக்கூட்ட வேண்டிய தேவையே வராது. கூகுளில் தேடிப் போகிறவர்கள் மேலே வரும் விளம்பரங்களைத் தாண்டிக் கீழே வருவது நல்லது, ஏமாற்றுபவர்களும் விளம்பரத்துக்குக் காசு கட்டுகிறார்கள்.

இன்னொன்று, கடவுச்சொல்லைப் போனிலேயே சேமித்துவைக்கும் வசதி. பலர் அதற்குப் பயப்படுகிறார்கள், ஆனால் பிழைமுகவரிக்கு எதிராக அதைவிட நல்ல காவல் இல்லை. பேஸ்புக்குக்குச் சேமித்த கடவுச்சொல்லை அது பேஸ்புக்கின் சரியான முகவரியில் மட்டுமே நிரப்பும். ரஷ்ய எழுத்து கலந்திருந்தாலும், எல்லுக்குப் பதில் ஒன்று இருந்தாலும் நிரப்பாது. வழக்கமாகத் தானே நிரம்பும் இடம் அன்று காலியாக இருந்தால், ‘இன்றைக்கு என்னவோ வேலை செய்யவில்லை’ என்று கையால் அடிக்காதீர்கள். முகவரியை வலமிருந்து வாசிக்க வேண்டிய நேரம் அது.

வெளிநாட்டு வேலை விளம்பரங்களுக்கு இந்தப் பக்கத்தில் தனிக் கவனம் வேண்டும். விளம்பரத்தில் உள்ள லிங்கில் கடவுச்சீட்டுப் பிரதியை ஏற்றச் சொன்னால், முதலில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து, அந்த முகவர் நிறுவனத்துக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். பணியகத்தின் தளம் எஸ்எல்பிஎஃப்ஈ டொட் எல்கே. அந்த ஐந்து எழுத்தும் குழப்பக்கூடியவை, எனக்கே பிஎஃப்ஈயா எஃப்பிஈயா என்று தடுமாறும். போன் இலக்கம் நினைவில் வைக்க இலேசு.

கார்ட் விபரத்தைக் கொடுத்த பிறகுதான் விளங்கியது என்றால், வெட்கப்பட்டுக்கொண்டிருக்கும் நிமிடங்கள்தான் மிகவும் விலை கூடியவை. கார்ட்டின் பின்பக்கத்தில் உள்ள இலக்கத்துக்கு அழைத்து அதை முடக்கச் சொல்லுங்கள். செய்தியில் வந்த இலக்கத்துக்கு அழைக்க வேண்டாம். கொடுத்தது கடவுச்சொல் என்றால் வேறொரு போனிலிருந்து உடனே மாற்றுங்கள், அதே கடவுச்சொல்லை வேறெங்கு பாவித்தீர்களோ அங்கும். ஏதாவது செயலியை நிறுவச் சொல்லி நிறுவியிருந்தால் அந்தப் போனின் இணையத்தை நிறுத்திவிட்டு, தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யும்வரை அதில் வங்கிப் பக்கம் போகாதீர்கள். பொலிஸில் முறைப்பாடு செய்யலாம். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது, குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் இதற்கென்றே ஒரு பிரிவும் இருக்கிறது. இலங்கை சேர்ட் என்ற அமைப்புக்கும் அறிவிக்கலாம். பிழைமுகவரியை முடக்கச் சொல்லிச் சம்பந்தப்பட்ட நிறுவனங்களுக்கு எழுதுவது அவர்கள் வேலைகளில் ஒன்று. முறைப்பாட்டுக்குப் போகுமுன் குறுஞ்செய்தியை அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷொட் எடுக்கும்போது பக்கத்தின் படத்தை மட்டும் எடுக்காமல், முகவரிப் பட்டையை ஒருமுறை தட்டி, முகவரி முழுதாகத் தெரியும்படி நகர்த்தி எடுங்கள். ஓர் எழுத்து விடுபட்டாலும் தேடுகிறவர்கள் வேறு தளத்தில் போய் நிற்பார்கள்.